தரையில் கிடந்த முட்டைகள்

1

நான் இருக்கும் ஊர் எங்கே என்று என் சொந்த ஊரான எருமப்பட்டியில் யாராவது கேட்டால், பள்ளிக்கூடத்து உலக உருண்டையின் உச்சியில் ஒரு திருகு இருக்குமல்லவா, அதற்கு ஒரு விரல் கீழே என்று சொல்வேன். நார்வேக்குச் சொந்தமான ஒரு தீவு. மரம் என்று ஒன்று இங்கே கிடையாது. கோடையில் நான்கு மாதம் சூரியன் மறைவதில்லை. குளிர்காலத்தில் ஏறக்குறைய அதே அளவு காலம் அது எட்டிப் பார்ப்பதும் இல்லை. என் கணவர் மலைமேல் இருக்கும் செயற்கைக்கோள் நிலையத்தில் பொறியாளர். நான் ஊர் நூலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்களுக்கு ஒரே மகள், கயல். பதினான்கு வயது.

சென்ற ஜூன் மாதம் எங்கள் வீட்டில் ஒரு குற்றம் நடந்தது. குற்றவாளி என் அப்பா. அவர் இன்னும் ஊர் திரும்பாததால் அந்தச் செய்தி நம் பக்கத்தில் பலவிதமாக வளர்ந்திருப்பதாகத் தெரிகிறது. அவர் பனிக்கரடி ஒன்றைத் தடியால் அடித்துவிட்டார் என்று நாமகிரிப்பேட்டை உறவினர்கள் நம்புகிறார்கள். மோகனூரில், அவரை ஐஸ் கட்டியால் கட்டிய சிறையில் வைத்திருப்பதாகப் பேச்சு. ஐஸ் சிறை உருகிவிட்டால் விட்டுவிடுவார்களா என்று ஒரு திருமணப் பந்தியில் யாரோ கேட்டார்களாம். நடந்தது இவ்வளவு பெரியதல்ல. ஆனால் இதைவிட விசித்திரமானது. ஆகவே முறையாக ஒருமுறை எழுதிவிடுவது என்று தீர்மானித்தேன்.

2

அப்பா நாற்பது ஆண்டுகள் முட்டைக்கோழிப் பண்ணை நடத்தியவர். பண்ணை வீட்டில் பிறந்தவர்களுக்கு முட்டை ஓர் உணவுப் பண்டமல்ல. அது ஒரு கடமை. கூண்டின் சரிவில் உருண்டு வந்து நிற்கும் முட்டைகளை எடுத்து, கூர்முனை கீழே இருக்கும்படி அட்டைத் தட்டில் வைக்க வேண்டும். அதைச் செய்து முடித்த பிறகுதான் எனக்கும் என் தம்பிக்கும் பள்ளிக்கூடம், பரீட்சை, மற்றவை எல்லாம். தரையில் ஒரு முட்டை கிடப்பதைப் பார்த்தால் அப்பாவால் தாண்டிப் போக முடியாது. வங்கி மேலாளரோடு பேசிக்கொண்டிருந்தாலும் பேச்சை அந்தரத்தில் விட்டுவிட்டுக் குனிவார். அடுத்த தோட்டத்து நாட்டுக்கோழி எங்கள் வைக்கோல் போரில் இட்டுவிட்டுப் போன முட்டையைக்கூட எடுத்துச் சென்று, அந்த வீட்டுச் சமையற்கட்டிலேயே வைத்துவிட்டு வருவார். யாருடைய முட்டை என்பது அவருக்கு இரண்டாவது கேள்வி. அது தரையில் கிடக்கக் கூடாது என்பதே முதல் கேள்வி.

அந்தப் பண்ணையை முடித்துவைத்த கோடையில் நான் விடுமுறைக்குப் போயிருந்தேன். மே மாதம். கூரைமேல் தண்ணீர் தெளித்தார்கள். ஷெட்டின் இருபுறமும் ஈரச் சாக்குகளைக் கட்டினார்கள். தண்ணீரைப் புகையாய்ச் சிதறும் குழாய்கள் நாள் முழுவதும் ஓடின. நண்பகலில் கோழிகள் அலகைப் பிளந்து, இறக்கைகளை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு நின்றன. அத்தனை ஆயிரம் பறவைகள் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கும் ஓசையை அதற்கு முன் நான் கேட்டதில்லை. பிற்பகலில் அந்த ஓசை குறையத் தொடங்கியது. வெயில் தணிகிறது என்று நினைத்தேன். அப்பா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "வெயில் கொறையல கண்ணு. கோழி கொறையுது."

மறுநாள் மண் அள்ளும் இயந்திரம் வந்து குழி வெட்டியது. அதற்கடுத்த ஆண்டு அவர் புதிய குஞ்சுகள் வாங்கவில்லை. அம்மா ஏற்கெனவே இல்லை. தம்பி பெங்களூரில். வெறும் ஷெட்டுக்குள் அவர் காலையிலும் மாலையிலும் ஒரு சுற்று போய்விட்டு வருவதாகத் தம்பி சொன்னபோது, நான் தொலைபேசியில் அழைத்தேன்.

"எங்கூட வந்து கொஞ்ச நாள் இருங்கப்பா. இங்க வெயிலே கெடையாது."

இது தகவல் அளவில் பிழை. அவர் வந்து இறங்கிய நாளில் சூரியன் மறையாமல் பல வாரங்கள் ஆகியிருந்தன.

3

முதல் சில நாட்கள் அவர் தூங்கவில்லை. கறுப்புத் திரைகளின் ஓரத்தில் கசியும் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"ஏங்கண்ணு, இதை அணைக்கவே மாட்டாங்களா?"

"சூரியனுங்கப்பா அது."

"தெரியுது. நம்ம ஷெட்டுல பதினாறு மணி நேரம் லைட்டு போட்டா முட்டை நல்லா வரும். அதுக்கு மேல போட்டா ஒண்ணையொண்ணு கொத்திக்கும். இங்க மனுசங்க எப்படிக் கொத்திக்காம இருக்கறாங்க?"

"அதெல்லாம் குளிர்காலத்துலங்கப்பா."

அவர் சிரிக்கவில்லை. தகவலாக ஏற்றுக்கொண்டார்.

பனியைக் காணோம் என்பது அடுத்த குறை. சன்னலுக்கு வெளியே, மலைகளுக்கு நடுவே புகுந்திருக்கும் கடற்கழி நீலமாக அலையடித்துக்கொண்டிருந்தது. அண்டார்டிகா வேறு, இது வேறு என்று விளக்கிப் பார்த்தேன். கோடையில் தாழ்வான இடங்களில் பனி இருக்காது என்றும் சொன்னேன். ஆனால் முழு உண்மை அதுவல்ல. நாங்கள் இங்கே குடிவந்த புதிதில், குளிர்காலத்தில் அந்தக் கடற்கழியின்மேல் நடந்து அக்கரைக்குப் போனவர்கள் உண்டு. இப்போது சனவரியில்கூட அங்கே தண்ணீர் கல்லில் மோதும் ஓசை கேட்கிறது. பனி பெய்ய வேண்டிய மாதத்தில் மழை பெய்கிறது. அந்த மழை நிலத்தின்மேல் கண்ணாடித் தகடாய் உறைந்துவிடுவதால், அடியில் இருக்கும் பாசியைச் சுரண்டித் தின்ன முடியாமல் பனிமான்கள் வீடுகளுக்கு நடுவே வந்து நிற்கின்றன.

அப்படி ஒன்று எங்கள் படியோரம் நின்றது. குட்டையான கால், உதிர்ந்துகொண்டிருக்கும் ரோமம். அப்பா அதைச் சுற்றிவந்து பார்த்தார்.

"யாரோடது இது? இப்படி வயிறு காயப் போட்டிருக்கறாங்க?"

"யாரோடதும் இல்ல அப்புச்சி," என்றாள் கயல்.

"அதெப்படி யாரோடதும் இல்லாம இருக்கும்? ஒரு சீவன்னா ஒருத்தர் பாக்கோணுமில்ல?"

கயல் தோளைக் குலுக்கிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் தமிழ் நன்றாகவே பேசுவாள், பேச விரும்புவதில்லை. தாத்தாவிடம் அவள் பேசிய வாக்கியங்களை நான் மனத்துக்குள் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தேன். சேமிப்பு அதிகமில்லை.

4

விதிவிலக்காக ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் அவளாகவே பேசினாள். பேச்சு கரடியைப் பற்றியது. முன்பெல்லாம் கோடை வந்ததும் பனிக்கரடிகள் விலகிச் செல்லும் கடல்பனியோடு சேர்ந்து வடக்கே போய்விடும். அவற்றின் இரையான சீல்கள் அந்தப் பனியின்மேல்தான் படுத்திருக்கும். இப்போது பனி சீக்கிரமே விலகிவிடுவதால் சில கரடிகள் கரையில் தங்கிவிடுகின்றன. பசி பொறுக்காமல் பறவைத் தீவுகளுக்கு நீந்திப் போய்க் கூடு கூடாகத் தின்கின்றன.

அப்பா சோற்றில் கையை வைத்தபடியே நிமிர்ந்தார்.

"கரடி முட்டை திங்குமா?"

"இப்பத் திங்குது."

"ஒரு கரடிக்கு எத்தனை தட்டு வேணும்?"

அவருக்கு முட்டை என்றால் தட்டுக் கணக்குதான். கயல் என்னைப் பார்த்தாள். தட்டு என்பது முப்பது என்று நான் சொன்னேன். அவள் ஏதோ யோசித்து, ஒரு வேளைக்கே பல தட்டுகள் வேண்டும் என்றாள்.

"அத்தனை பெரிய ஒடம்புக்கு அது எப்படிப் பத்தும்?"

"பத்தாது. அதான் பிரச்சினை."

அப்பா வெகுநேரம் இதை மென்றார். இந்தத் தீவில் அவருக்குப் புரிந்த முதல் விஷயம் அதுவென்று நினைக்கிறேன்: தீவனம் பற்றாக்குறை.

ஆனால் கயல் ஒன்றைச் சொல்லவில்லை. ஊர் எல்லையில், பனிவண்டி இழுக்கும் நாய்களைக் கட்டி வைக்கும் பெரிய பட்டி ஒன்று இருக்கிறது. அதை ஒட்டிய வெற்று நிலத்தில் ஒரு வகைக் கடல்வாத்து ஆண்டுதோறும் வந்து முட்டையிடும். நாய் குரைக்கும் இடத்துக்கு நரி வராது என்பது அந்த வாத்துகளின் கணக்கு. அந்தக் கூடுகளில் சிலவற்றைத் தூரத்திலிருந்து கவனிக்கும் பொறுப்பு அவளுடைய வகுப்புக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. இதை அவள் அவரிடம் சொல்லவில்லை. தன் காலைநடை எந்தப் பக்கம் என்று அவரும் எங்களிடம் சொல்லவில்லை.

5

அன்று நூலகத்துக்குக் கிளம்புவதற்காக அடுப்படிக்கு வந்தேன். அப்பா மேசைமுன் நின்றுகொண்டிருந்தார். வீட்டில் கிடந்த வெற்று அட்டைத் தட்டுகளை எடுத்து, பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் பெரிய பெரிய முட்டைகளை அடுக்கியிருந்தார். கூர்முனை கீழே. பெரியது, நடுத்தரம், சிறியது என்று தரம் பிரித்தும் முடித்திருந்தார். நான் பல ஆண்டுகளாகக் காணாத ஒரு தெளிவு அவர் முகத்தில் இருந்தது.

"நம்ம முட்டை ரெண்டு சேந்தாத்தான் இது ஒண்ணு," என்றார்.

"எங்கேருந்துங்கப்பா?"

"அந்த நாயி கட்டியிருக்கற எடத்துல. கேப்பாரில்லாமத் தரையில கெடக்குது. மொதல்ல யாரோ தலகாணியப் பிச்சுப் போட்டிருக்கறாங்கன்னு நெனச்சேன். கையை வெச்சா உள்ள சூடா இருக்குது."

"வாத்து இல்லைங்களா?"

"இருந்துச்சு. மேலதான் உக்காந்திருந்துச்சு. அடியில கையை உட்டு எடுத்தேன். நல்ல சாதி கண்ணு. ஒரு கொத்து இல்ல. மேல பறக்கற வெள்ளைக் குருவிதான் மண்டையில போட்டுப் போட்டு எடுத்துச்சு. துண்டைக் கட்டியிருந்தேன், தப்பிச்சேன்."

ஆலா என்னும் அந்த வெள்ளைக் கடற்பறவையின் கொத்துக்குப் பயந்து இந்த ஊர்க்காரர்கள் தலைக்குமேல் குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். எருமப்பட்டித் துண்டின்முன் அது தோற்றிருக்கிறது. இந்த வீரத்தைப் பாராட்டும் நிலையில் நான் இல்லை. அந்த வாத்தின் கூட்டை நெருங்குவதே இங்கே தவறு. முட்டையைத் தொடுவது குற்றம். அதை நான் சொல்ல வாய் திறப்பதற்குள் கயல் வந்துவிட்டாள்.

அவள் தட்டுகளைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"நீ எடுத்தியா?"

நார்வே மொழியில் பெரியவர், சிறியவர் என்ற வேறுபாடு கிடையாது. கோபத்தில் அவளுடைய தமிழும் அப்படி ஆகிவிடும். அப்பா திடுக்கிட்டது அந்த ஒருமையைக் கேட்டா, அவள் முகத்தைப் பார்த்தா என்று எனக்குத் தெரியாது.

"எல்லாத்தையும் எடுக்கல சாமி. ஊட்டுக்கு ஒண்ணு உட்டுட்டுத்தான் வந்தேன்."

"அது எங்க கூடு. நாங்க பாத்துக்கிட்டிருந்தோம். உள்ள குஞ்சு இருக்குது."

"குஞ்சா?" என்றார் அப்பா. முட்டைக்குள் குஞ்சு இருக்கும் என்ற செய்தி அவரை அப்போதுதான் வந்தடைந்தது போலிருந்தது.

"குஞ்சு வெளிய வந்தாத்தான் இனி உன்கூடப் பேசுவேன்."

அவள் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சுவருக்கு அப்பால் அவள் நார்வே மொழியில் தொலைபேசியில் பேசுவது கேட்டது. நிதானமாக, முகவரியோடு, எங்கள் குடும்பப் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னாள்.

6

சுற்றுச்சூழல் அலுவலகத்திலிருந்து வந்தவள் இளம்பெண். பெயர் இங்கிரிட். வாசலில் காலணிகளைக் கழற்றிவிட்டு காலுறையோடு உள்ளே வந்தாள். இந்த ஊர் வழக்கம் அது. அப்பா என் காதோரம், "செருப்பக் கழட்டிட்டு வாராங்க. நல்ல எடத்துப் பொண்ணு," என்றார்.

தன்னை விசாரிக்க வந்திருக்கிறாள் என்று விளக்கிய பிறகும் அவருடைய மதிப்பு குறையவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார். மொழிபெயர்ப்பாளர் நான். குற்றவாளியின் மகளும், புகார் கொடுத்தவளின் தாயும், குற்றம் நடந்த அடுப்படியின் உரிமையாளரும் நானே என்பதை இங்கிரிட் குறித்துக்கொண்டு, எங்கள் வீட்டுக்கு வெளியே வேறு யாருக்காவது தமிழ் தெரியுமா என்று கேட்டாள். இந்த அட்சரேகையில் இல்லை என்றேன்.

"முட்டைகளை எதற்காக எடுத்தார்?"

அப்பாவிடம் கேட்டேன். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. மூச்சு எதற்காக விடுகிறீர்கள் என்று கேட்டது போல விழித்தார்.

"தரையில கெடந்துச்சுங்க," என்றார் கடைசியில், அவளையே நேராகப் பார்த்து.

நான் அப்படியே சொன்னேன். அவள் அப்படியே எழுதினாள். பிறகு எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தாள்.

"ஒவ்வொரு கூட்டிலும் ஒரு முட்டையை விட்டு வந்திருக்கிறார். ஏன்?"

அவள் குரலில் கொஞ்சம் மென்மை தெரிந்தது. கூட்டில் ஒன்றாவது இருந்தால்தான் தாய்வாத்து அந்த இடத்தை விட்டுப் போகாது. அது அவளுக்குத் தெரியும். இரக்கத்தால் விட்டார் என்று அவள் எழுத விரும்பினாள் என்பது எனக்குப் புரிந்தது. அப்பாவிடம் கேட்டேன்.

"ஒண்ணு உட்டாத்தான அந்த எடத்துலயே மறுபடியும் இடும்? நாளைக்கும் எடுக்கோணுமில்ல?"

நம் பக்கத்தில் நாட்டுக்கோழி வளர்க்கும் எல்லா வீடுகளிலும் இதுதான் வழக்கம். அதை மொழிபெயர்ப்பதற்கு முன் நான் சற்றுத் தயங்கினேன். வாழ்நாள் முழுவதும் நூல்களுக்கு நடுவே இருப்பவளுக்கு ஒரு வாக்கியத்தைச் சிறிது அழகுபடுத்துவது கடினமான காரியமல்ல. ஆனால் சொன்னவர் எதிரே உட்கார்ந்து, தன் சொல் சரியாகப் போய்ச் சேர்கிறதா என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளையும் எடுப்பதற்காக விட்டு வந்தார் என்றேன்.

இங்கிரிட் எழுதத் தொடங்கியிருந்த சொல்லை அடித்துவிட்டு, இதை எழுதினாள்.

"யாரோட வாத்துங்க அது?" என்று கேட்டார் அப்பா.

"யாருடையதும் இல்லை."

"அப்பப் புகார் குடுத்தது யாருங்க?"

நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் கதவு திறந்தது. கயல் வெளியே வந்து, "நான்," என்றாள். அதற்குமேல் பேசுவது தன் சபதத்துக்கு விரோதம் என்பது போல உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

அப்பா அவளை மேலும் கீழும் பார்த்தார். கோபத்தைத் தேடினேன், இல்லை.

"செரி," என்றார். "பண்ணையில களவு போனா, எடுத்தது யாரா இருந்தாலும் சொல்லித்தான ஆகோணும்."

7

இங்கிரிட் தன் தலைமையிடத்து விஞ்ஞானி ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தாள். முட்டைகளை உடனே திருப்பி வைக்க வேண்டும் என்றார் அவர். எந்த முட்டை எந்தக் கூட்டுக்குரியது என்பதைப் பற்றி வாத்து கவலைப்படாது. ஆனால் ஒரு கூட்டில் உள்ளவை எல்லாம் ஒரே வளர்ச்சியில் இருக்க வேண்டும். ஏனென்றால் முதலில் பொரித்த குஞ்சுகளோடு தாய் கடலுக்குக் கிளம்பிவிடும், பிந்திய முட்டைகள் அநாதையாகிவிடும். அப்பாவோ கூட்டுவாரியாக இருந்தவற்றையெல்லாம் அளவுவாரியாகக் கலந்து தரம் பிரித்திருந்தார். வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, வளர்ச்சியின்படி மறுபடி பிரிப்பது ஒன்றே வழி. அதற்கு இருட்டு வேண்டும்.

ஜூன் மாதத்தில் இந்த ஊரில் இருட்டு கிடைப்பது அரிது. எங்கள் வீட்டில் சன்னல் இல்லாத அறை ஒன்றே ஒன்று: குளியலறை. அரசாங்க அதிகாரி குளிக்கும் கண்ணாடித் தடுப்புக்குள் நின்றுகொண்டாள். கயல் கைபேசி விளக்கோடு முகம் கழுவும் தொட்டியருகில். நான் தட்டுகளை ஏந்திக்கொண்டு கதவோரம். அப்பா நடுவில். ஒவ்வொரு முட்டையாக எடுத்து விளக்கின்மேல் பொருத்தும் வேலை அவருக்கு, ஏனென்றால் முட்டையை நழுவவிடாமல் பிடிக்கப் பழகிய கை அது ஒன்றுதான்.

முட்டையை விளக்கின்முன் பிடித்துப் பார்ப்பது அவருக்குப் புதிதல்ல. நாற்பது ஆண்டுகள் பார்த்திருக்கிறார். விரிசல் உண்டா, உள்ளே ரத்தப் புள்ளி உண்டா. இருந்தால் தனியே வைக்க வேண்டும். அவ்வளவுதான் பார்வை. எங்கள் பண்ணையில் சேவல் கிடையாது. அந்த முட்டைகளில் ஒன்றுகூடக் குஞ்சாக முடியாது. குஞ்சுகள் வேறெங்கோ பொரிக்கப்பட்டு, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிகளில் வேனில் வந்து இறங்கும். அத்தனை முட்டைகளைத் தொட்டவர், உயிருள்ள ஒன்றைத் தொட்டதில்லை.

கயல் விளக்கை ஏற்றினாள். முதல் முட்டை செம்மஞ்சளாக ஒளிர்ந்தது. உள்ளே மரக்கிளைகள் போல ரத்த நாளங்கள். நடுவே ஒரு கரிய புள்ளி.

"ரத்தம்," என்ற அப்பா, பழக்கத்தில் அதைத் தனியே வைக்கப் போனார். பிறகு கையை நிறுத்தினார். "இதென்ன, துடிக்குது?"

கயல் என்னைப் பார்த்து, அவரிடம் சொல்லும்படி, "இதயம்," என்றாள் நார்வே மொழியில்.

நான் சொன்னேன். அவர் கேட்கவில்லை போலிருந்தது. அந்தப் புள்ளி கடுகளவே இருந்தது. ஆனால் விடாமல் வேலை செய்துகொண்டிருந்தது. அப்பா முட்டையை என் கையில் பத்திரமாகக் கொடுத்துவிட்டு, பின்னால் கையால் துழாவி, கழிப்பறை மூடியின்மேல் மெதுவாக உட்கார்ந்தார்.

"நான் குளுருல தூக்கிட்டு வந்துட்டனே."

கண்ணாடித் தடுப்புக்குள்ளிருந்து இங்கிரிட், அவருக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

"செத்துருமா?" என்றார் அவர், கயலைப் பார்த்து.

அவள் தன் சபதத்தையும் முட்டையையும் எடைபோட்டாள். "இன்னும் இருக்குது," என்றாள் தமிழில். பிறகு, இது பணி நிமித்தம் மட்டுமே என்று தெரிவிக்கும் குரலில், "அடுத்தது," என்றாள்.

அப்படி நாங்கள் நால்வரும் அந்தக் குளியலறையில் வெகுநேரம் நின்றோம். வகுப்பில் படித்ததை வைத்துக் கருவின் வயதை அவள் சொல்வாள்; அவர் அதற்குரிய தட்டில் வைப்பார். ஒரு முட்டையில் அசைவே தெரியவில்லை. இங்கிரிட் அதை விட்டுவிடலாம் என்றாள். அப்பா அதை எடுத்துத் தன் சட்டைக்குள் வயிற்றோரம் வைத்துக்கொண்டு, "கடைசியில பாக்கலாமுங்க," என்றார். கடைசியில் பார்த்தபோதும் அதில் அசைவு இல்லை. ஆனாலும் அது தட்டில் ஏறியது. அரசாங்கம் ஆட்சேபிக்கவில்லை.

8

முட்டைகளைத் திருப்பி வைக்க அவருக்கு அனுமதி இல்லை. வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணாடி வழியே பார்த்தார். இங்கிரிட்டும் கயலும் குனிந்து குனிந்து ஒவ்வொரு கூட்டிலும், கயலின் வகுப்புக் குறிப்பில் அதன் வயதைப் பார்த்து, ஏற்ற முட்டைகளை வைத்து, கூட்டில் கிடந்த பஞ்சு போன்ற இறகால் மூடிவிட்டு விலகினார்கள். வாத்துகள் அந்த ஒற்றை முட்டைகளை விட்டுப் போயிருக்கவில்லை. விலகி நின்றவையும் திரும்பி வந்து, ஒன்றும் நடக்காதது போல உட்கார்ந்தன.

அதன்பின் அவர் தினமும் கயலின் முகத்தைப் பார்ப்பார். அவள் வகுப்போடு போய்த் தூரநோக்கியில் பார்த்துவிட்டு வருவாள். என்னிடம் நார்வே மொழியில் அறிக்கை கொடுப்பாள். நான் தமிழில் அவரிடம் கொடுப்பேன். ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேருக்கு நடுவே இப்படி ஒரு தபால் நிலையம் மூன்று வாரம் போல நடந்தது.

குஞ்சுகள் வர வேண்டிய வாரத்தில், ஒரு சனிக்கிழமைக் காலை, கைபேசிகள் எல்லாம் ஒன்றாக அலறின. நாய்ப்பட்டியருகே கரடி. எவரும் வெளியே வர வேண்டாம். வண்டியில் இருப்பவர்கள் வண்டியை விட்டு இறங்க வேண்டாம். நாங்கள் மூவரும் கடைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். வளைவில் வண்டியை நிறுத்தினேன்.

அது இளம் பெண்கரடி. வெள்ளையாக இல்லை, பழைய சாக்கின் நிறம். நாய்கள் அத்தனையும் சங்கிலியை இழுத்துக்கொண்டு குரைத்தன. அது அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கூட்டுக்குப் போய், மூக்கை நுழைத்து, நிதானமாகத் தின்றுவிட்டு, அடுத்த கூட்டுக்கு நடந்தது. எங்கள் பண்ணையில் ஒரு கூண்டிலிருந்து அடுத்த கூண்டுக்குப் போவது போல, வரிசை தவறாமல். எதிலும் எதையும் மிச்சம் வைக்கவில்லை. அதிகாரிகளின் வண்டி வந்து, அதை விரட்ட வெடி போட்டது. கரடி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தது.

"ஹாரன் அடி கண்ணு," என்றார் அப்பா.

"அதிகாரிங்க வெரட்டலாம், நாம அடிக்கக் கூடாதுங்கப்பா. கரடியைத் தொந்தரவு பண்றது குற்றம்."

"நான் எடுத்தாக் குத்தம். அது திங்கறதைத் தடுத்தாவும் குத்தமா?"

பின்னிருக்கையில் கயல் ஓசையில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். சட்டத்தைப் பற்றிய எல்லாப் பாடங்களும் அவளுக்குத் தெரியும். அவற்றில் எதுவும் அப்போது உதவவில்லை.

அப்பா முன்கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தார். பிறகு பேசியபோது அவர் குரல் மாறியிருந்தது.

"வெலாவெலும்பு தெரியுது பாரு. பின்னங்கால்ல சதையே இல்ல. இது பால் குடுக்கற வயசுப் பொம்பள. எத்தனை நாளாத் தீனி இல்லாம இருக்குதோ." சற்றுக் கழித்து, "திங்கட்டும். வேறென்ன பண்ணும்," என்றார்.

பிறகு கயல் கேட்டாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு:

"அப்புச்சி, உங்க கோழியெல்லாம் செத்தப்ப நீங்க என்ன பண்ணுனீங்க?"

ஒரு குஞ்சும் வெளியே வந்திருக்கவில்லை. ஆனால் அவள் கேட்டது அவரிடம், நேராக. நான் வாயைத் திறக்காமல் கைகளைத் திசைமாற்றிச் சக்கரத்தின்மேல் வைத்துக்கொண்டேன். தபால் நிலையம் அங்கே மூடப்பட்டது.

அப்பா யோசித்தார். அவர் பெரிதாக எதையும் தேடவில்லை; நடந்ததை நினைவுபடுத்திக்கொண்டார்.

"அடுத்த நாளு மீதி இருந்ததுக்குத் தண்ணி வெச்சேன் சாமி."

9

ஹெலிகாப்டர் வந்து அந்தக் கரடியை வடக்கே விரட்டியது. நாய்வண்டிகளை அடுக்கி வைத்திருந்த பலகைகளுக்கு அடியில் இரண்டு கூடுகள் அதன் மூக்குக்குத் தப்பியிருந்தன. கயல் அதை அவரிடமே போய்ச் சொன்னாள். அந்த இரண்டில் குஞ்சு பொரித்தது என்பதையும் அவரிடமே சொன்னாள். எனக்கு அன்று மாலைதான் தெரிந்தது, அதுவும் அப்பா சொல்லி.

பிறகு அலுவலகத்திலிருந்து முடிவு வந்தது. முதல் தவறு என்பதாலும், நேர்மையாகப் பதில் சொன்னார் என்பதாலும் எச்சரிக்கையோடு விடுகிறார்கள். ஆனால் கோடை முடியும்வரை அவர் நாய்ப்பட்டியின் சுற்றுவட்டாரத்துக்குள் நடந்தோ வண்டியிலோ நுழையக் கூடாது. கரடிக்கு அப்படித் தடை ஏதும் விதிக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. தாய்வாத்துகள் குஞ்சுகளைக் கூட்டிச் சென்ற கடற்கரைக்கு எங்கள் வீட்டிலிருந்து போகும் சாலை நாய்ப்பட்டியை ஒட்டித்தான் செல்கிறது. இன்னொரு வழி மலைச்சரிவைச் சுற்றிப் போகிறது. நல்ல தூரம், நடுவே ஊர் எல்லையைத் தாண்ட வேண்டும். எல்லைக்கு வெளியே துப்பாக்கி இல்லாமல் போகக் கூடாது என்பது இங்கே விதி. என் கணவருக்கு அந்த மாதம் மாலைநேர வேலை. இங்கே குடியேறிய புதிதில் எல்லாரையும் போல நானும் சுடும் பயிற்சி எடுத்திருந்தேன், எடுத்ததோடு சரி.

ஆக, அந்த ஜூலை மாதம் முழுவதும், நூலகம் மூடிய பிறகு, நாங்கள் மூவரும் அந்தச் சுற்றுவழியில் நடந்தோம். முன்னால் துண்டு கட்டிய அப்பாவும் கயலும். பின்னால், தோளில் துப்பாக்கியோடு, நான். காற்று முதுகுப் பக்கமிருந்து வீசியதால் அவர்கள் பேசிக்கொண்டது எனக்குக் கேட்காது. அவர் கையை நீட்டி எதையோ அளந்து காட்டுவார். அவள் தலையை ஆட்டி மறுப்பாள். ஒருமுறை இருவரும் நின்று, ஏதோ ஒன்றைக் குனிந்து பார்த்து, தொடாமல் நிமிர்ந்து நடந்தார்கள்.

கரையில் அவர்கள் கல்லின்மேல் உட்கார்ந்துகொள்வார்கள். கரடி வருகிறதா என்று பார்ப்பது என் வேலையாகையால் நான் கடலுக்கு முதுகைக் காட்டி, மலையைப் பார்த்தபடி நிற்க வேண்டும். பின்னால் குஞ்சுகள் தண்ணீரில் இறங்கும் சலசலப்பு வரும். ஆறு என்பார் அவர். ஏழு என்பாள் அவள். தாய்க்குப் பின்னால் ஒண்ணு ஒளிஞ்சிருக்குது, சரியாப் பாருங்க என்பாள். கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாக்கறேன் இரு என்பார். தகராறு முடியவே முடியாது. நான் ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை.